எண்ணூர்ச் சிங்கங்களும் சொல்லாத சேதியும்

பீரோவைத் திறந்தால் உன் பச்சைச் சேலையில் இன்னும் சிங்க மூத்திர வாடை அடிக்கிறது. அந்துருண்டை போட்டுப் பார்த்தாய், போகவில்லை. இன்று உன் துணிமணிகளை எடுத்துப்போக வந்த உன் அக்கா, அதை மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலில் போட்டுவிட்டுப் போனாள். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

சர்க்கஸில் சிங்கம் ஆட்டக்கூடாது என்று தடை வந்தபின், மீட்ட இரண்டு சிங்கங்களைச் சின்ன அறக்கட்டளை ஒன்று எண்ணூரில் மூடிக்கிடந்த தொழிற்சாலைக் கொட்டகையில் வைத்திருந்தது. வெளிநாட்டு ரத்தம் கலந்தவை, காட்டில் விட முடியாது என்றார்கள். கறி வைக்கும் ஃப்ரீசர் ரிப்பேர் என்று, கன்டெய்னர் யார்டில் குளிர்சாதன மெக்கானிக்கான என்னைக் கூப்பிட்டார்கள். ஞாயிறுதானே என்று நீயும் வந்தாய். நான் கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உன்னைக் கண்ட கிழச்சிங்கம், யாரும் சொல்லாமலே, முன்கால்களைத் தூக்கி நின்றது.

அடுத்த வாரமே புளியந்தோப்பில் நம் குடியிருப்பு முழுக்கக் கறி கேட்டுக் கிளம்பினாய்.

"மன்சனுக்கே ஞாயித்துக்கெயமதான் கறி. சிங்கத்துக்கு வேறயா?" என்றாள் கீழ்வீட்டு அம்மு.

"அது ஸ்டூல் மேல ஏறச்சொல்லோ நாமதானக்கா டிக்கெட் எடுத்துக் கை தட்னோம்" என்றாய்.

அம்மு உள்ளே போய்க் கறி கொண்டுவந்தாள். எல்லாரும் வீட்டு வழக்கப்படி மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவியே கொடுத்தார்கள். சிங்கம் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அங்கே தீனி போடும் கஜா அண்ணன், "இன்னா தங்கச்சி, கொயம்பே வெச்சு எட்டாந்திருக்கலாமே" என்றார். குழாயடியில் உட்கார்ந்து அத்தனையையும் நீ அலசினாய். அன்றிலிருந்து அவருக்கு நான் மாப்பிள்ளை.

காமாலை என்று பெரியாஸ்பத்திரிக்குப் போனாய். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிறு, சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் எண்ணூர் போனேன்.

"தங்கச்சி எங்க மாப்ள?"

"அவங்கம்மா வூட்ல கீது" என்றது என் வாய்.

அவர் முகம் மலர்ந்தது. "முழுகாம கீதா? அத்த சொல்றதுக்கு இன்னா வெக்கம் உனக்கு?"

தலையாட்டினேன்.

அதன்பின் எட்டு மாதம் எல்லா ஞாயிறும் போனேன். பொண்டாட்டி பேரால் புண்ணியம் பண்ணுகிறான் என்று அக்கம்பக்கத்தில் முன்னைவிட அதிகமாகக் கறி கொடுத்தார்கள். அங்கே அவர், "மாங்கா கேக்குதா? காலு வீங்கிச்சா?" என்பார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சிங்கத்திடம் போய், "உங்கம்மா புள்ளயோட வரும்டா" என்பார். வீட்டில் விளக்குக்கூடப் போடாமல் கிடந்தவன், எண்ணூர் பஸ்ஸில் தலை சீவிக்கொண்டேன்.

போன ஞாயிறு அவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்தார். சிங்கம் மரக்கட்டையைப் பிறாண்டும்போது கழன்று விழும் நகத்தோல் ஒன்று அதில் கோத்திருந்தது.

"கொயந்த அரணாக்கவுத்துல கட்டு, பயப்படாது. ஆமா, இன்னா கொயந்த?"

ஆண் என்றோ பெண் என்றோ ஒரு சொல் போதும். அத்தனை பொய் சொன்ன எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை.

"அவ செத்துட்டாண்ணே."

அதுவரை அதை எனக்காக மற்றவர்கள்தான் சொல்லியிருந்தார்கள். அவர் கறித்தொட்டியைக் கீழே வைத்தார். எப்போது என்று கேட்டார். சொன்னேன்.

"நானு வாராவாரம் காலு வீங்கிச்சான்னு கேட்டுக்கினு கீறேன். உனக்கு எப்டிடா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுண்ணே."

அவர் அடித்திருந்தால் தேவலை. கயிற்றைத் திருப்பி நீட்டினேன். வாங்கி என் சட்டைப்பையிலேயே போட்டுவிட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு கூண்டுப்பக்கம் போனார். சிங்கத்திடம் அன்று ஒன்றும் பேசவில்லை.

நாளைக்கும் கறி கொண்டுபோவேன். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் அந்த நகத்தையும் எடுத்து மாற்றிக்கொள்கிறேன். பிறக்காத நம் பிள்ளைக்கு வந்த ஒரே சீர் அது. யாரிடமும் காட்ட முடியவில்லை, எறியவும் முடியவில்லை.