வெட்டியெடுத்த மூச்சு

ஜூன் 3, செவ்வாய்

இன்று சொல்லாமல் விட்டது: தண்ணீர் கேட்டது ரோபோ இல்லை சார், நான்.

டப்பிங் அறையில் மின்விசிறி கிடையாது. இரைச்சல் மைக்கில் ஏறிவிடும். காலையிலிருந்து நின்றுகொண்டே பேசினேன். திரையில் நடிகை, கதையில் இயந்திரப் பெண், குரல் மட்டும் என்னுடையது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர், "ரோபோ தண்ணி கேக்காதும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பதில் சொல்ல மூச்சை இழுத்தேன். வறண்ட தொண்டையில் பாதியிலேயே தடுக்கி நின்றது. அதற்குள் அடுத்த டேக்.

ஜூன் 5

ஒலிப்பதிவாளரை எல்லோரும் 'கத்தரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வசனங்களுக்கு நடுவே நான் விடும் மூச்சையெல்லாம் வெட்டியெடுப்பது அவர் வேலை. இயந்திரம் மூச்சு விடக் கூடாதே! வெட்டியதை எறியாமல் கணினியில் தனியாகச் சேர்த்து வைக்கிறார்.

"எதுக்குண்ணே இந்தக் குப்பை?"

"எப்பவாவது ஒட்டுப்போட உதவும்மா. உன் மூச்சு பூரா இப்ப என் கையில. ஒழுங்கா இரு."

சிரித்துவிட்டேன். அந்த இடத்தில் என்னை மனுஷியாக மதித்துக் கிண்டல் செய்பவர் அவர் ஒருவர்தான்.

ஜூன் 10

படத்தின் உயிரே கடைசிக் காட்சிதான். தன்னை அணைக்கப்போகும் நேரத்தில் இயந்திரப் பெண் முதல்முறையாக மூச்சை இழுப்பாள், ஏதோ சொல்லப்போவதுபோல. சொல்லமாட்டாள். அந்த மூச்சைக் கடைசி நாள் பதிவு செய்யலாமாம். "அதுல மட்டும் நீ மனுஷியா இருந்துக்கோ" என்றார் இயக்குநர். அனுமதி கிடைத்துவிட்டது!

திரையில் என் பெயர் போடுவதாகவும் சொன்னார். இதுவரை கூட்டத்தில் கத்தும் குரல், தொலைபேசியில் அழும் குரல் என்றுதான் பிழைப்பு. பெயர் வருவது இதுவே முதல்முறை. அக்காவிடம் சொன்னேன். "வீட்டுல வாயே தொறக்க மாட்டேங்குற. நீ பேசுறதக் கேக்க நான் டிக்கெட் எடுக்கணுமா?" என்றாள். சந்தோஷம்தான் அவளுக்கு.

ஜூன் 19

ஸ்டூடியோவிலிருந்து அழைப்பே இல்லை.

ஜூன் 24

தயாரிப்பு மேலாளர் போனில் பேசினார். "ரோபோ குரலை கம்ப்யூட்டர்லயே பண்ணிட்டோம்மா. அதுதானே பொருத்தம்? தப்பா எடுத்துக்காத. ஆனா அந்தக் கடைசி மூச்சு மட்டும் அதுக்கு வரல. பலூன்ல காத்து போற மாதிரி இருக்கு. அஞ்சு நிமிஷம் வந்து விட்டுட்டுப் போயேன்."

"பேர் போடுவீங்களா சார்?"

"ஒரு மூச்சுக்கா?"

"ரோபோ மூச்சு விடாது சார்." வைத்துவிட்டேன்.

கால் கடுக்க நின்னேனே... இருமல் வந்தாக்கூட முழுங்கிட்டு நின்னேனே. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா? மாட்டேன். வரவே மாட்டேன்.

ஜூன் 25

"ஒரு மூச்சுதானேடி. விட்டுட்டு வந்திருந்தா நாளைக்கு வேற வேலைக்காவது கூப்பிடுவான்" என்கிறாள் அக்கா.

இயந்திரம் மனிதனாவதைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அழுவது இயந்திரம்தான். பக்கத்தில் வேலை செய்கிறவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. நான் செய்தது மானமா, வெறும் வீம்பா? தெரியவில்லை. ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. கொடுக்கப்போவதில்லை. இன்று நன்றாகத் தூங்குவேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

படம் வெளியானது. அக்கா இழுத்துக்கொண்டு போனாள்.

தொடக்கம் முதல் கணினிக் குரல். வழவழவென்று, எங்கும் தடுக்காமல். கடைசிக் காட்சி வந்தது. அவள் வாய் திறந்தாள். மூச்சை இழுத்தாள். அது பாதியில் வறண்டு, தடுக்கி, நின்றது.

எனக்குத் தெரியாதா அது எந்த நாள் மூச்சு என்று? தண்ணீர் கேட்ட நாள்.

அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்டி. என்னமோ சொல்ல வந்துச்சு, பாரு."

பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். கத்தரியின் பெயர் இருந்தது. என்னுடையது இல்லை.