கதவு வைக்கும்வரை

நேற்றுக் கூரையைப் பிரித்தார்கள். பழைய தென்னங்கிடுகும் அடுப்புப் புகையும் எலிப்புழுக்கையும் சேர்ந்த நாற்றம் இன்னும் என் தலைமயிரில் இருக்கிறது. இந்த வீட்டுக்கு நான்காவது தடவையாகக் கூரை மாற்றுகிறேன். நீங்கள் இதற்குள் ஒரு பொழுதுகூடப் படுத்ததில்லை. மேலே இருந்து கிடுகு கழற்றியவன், "உபதேசியார் இருந்திருந்தா இதுக்கு ஓடு போட்டிருப்பாரு" என்று உங்களைச் சொன்னான். அவன்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

மகளின் கலியாணம் முடிந்த கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். நம் பக்கத்து வழக்கப்படி வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, நாம் இருவரும் வளவின் பின்மூலையில் இருந்த நெல்லுக் கொட்டிலுக்குப் பாயோடு குடிபோனோம். முப்பது வருசம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்ந்த மனிதர், நெல்மூட்டைகளுக்கு நடுவே காலை மடக்கிக்கொண்டு படுத்தீர்கள். அந்த மாதம்தான், மலாயாத் தோட்டங்களில் ஊழியம் செய்யத் தமிழ் ஆள் ஒருவர் வேண்டும் என்று பாதிரியார் கோயிலில் சொன்னார். ஆராதனை முடிந்து வாவியைக் கடந்து தோணியில் திரும்பும்போதே உங்கள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு விளங்கிவிட்டது.

"ஐம்பத்தெட்டு வயசில உங்களுக்கென்ன விசரா?" என்று கத்தினேன்.

"இஞ்ச எனக்கு வீடில்ல, அங்க சனத்துக்கு ஆளில்ல. ரெண்டுக்கும் பொருத்தம் சரிதானே புள்ள?" என்று சிரித்தீர்கள். மறுகா சிரிப்பை விட்டு, "நீ வேணாம் எண்டாப் போகல்ல" என்றீர்கள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நீங்க திரும்பி வாறத்துக்குள்ள நமக்கெண்டு ஒரு வீடு கட்டிவைக்கிறன், பாருங்க" என்று வீறாப்புப் பேசினேன். என் வாய் எனக்கு எப்போது நன்மை செய்தது?

உங்கள் கடிதங்கள் முதலில் கலகலப்பாகத்தான் வந்தன. ரப்பர் மரங்களுக்குக் கீழே ஜெபக்கூட்டம், கூலி லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து. ஆமாம் என்பதற்கு நீங்கள் நம் ஊர்ப் பழக்கத்தில் "ஓம்" என்று சொல்லும்போதெல்லாம் உபதேசியார் மந்திரம் சொல்கிறார் என்று அவர்கள் சிரிக்கிறார்களாம். மூன்றாம் வருசம் எழுத்து நடுங்கத் தொடங்கியது. "காய்ச்சல் விடுகுதில்ல. கால் வீங்குது. இனி வரட்டா?" என்று எழுதியிருந்தீர்கள்.

அப்போது சுவர் மட்டுந்தான் எழும்பியிருந்தது. வந்தால் எங்கே இருப்பீர்கள்? மருமகனின் விறாந்தையில் நீங்கள் சாய்ந்திருப்பதை ஊர் பார்த்தால் என்ன சொல்லும்? ஊர் ஒன்றும் சொல்லவில்லை. மருமகனும் தங்கமான பிள்ளை. "மாமாவ வரச்சொல்லுங்க மாமி. அவரு கட்டின வீடுதானே" என்றான். நான்தான் கேட்கவில்லை. "வேளாண்மை வெட்டட்டும், கூரை போடட்டும், எழுதுறன்" என்று உங்களுக்குப் பதில் போட்டேன். நீங்கள், "சரி. நீ வாங்க எண்டு எழுதினாப் போதும், அடுத்த கப்பல் ஏறுவன்" என்று எழுதினீர்கள்.

வேளாண்மை வெட்டி நெல்லை விற்றோம். கூரையும் போட்டேன். அன்றே எழுதியிருக்கலாம். ஆனால் கதவில்லாத வீட்டுக்கு ஆம்பிளையைக் கூப்பிடுவதா என்று ஒரு மானம் பிடித்தது. கதவு செய்ய ஒத்துக்கொண்ட காத்தான்குடி ஓடாவியார், "பச்ச மரம் அக்கா, காயாமப் பூட்டினாக் கோணிப்போகும்" என்றார். காயட்டும் என்றேன். இரண்டு மாதம் மரம் காய்ந்தது. நவம்பர் கடைசியில் கதவை நிலையில் பொருத்திய அன்றே, "வாங்க, எல்லாம் முடிஞ்சிது" என்று எழுதி ஆளிடம் கொடுத்து அக்கரைத் தபாற்கந்தோருக்கு அனுப்பினேன். அடுத்த கிழமை ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கிவிட்டான் என்று செய்தி வந்தது. சில மாதம் கழித்து என் கடிதமும் திரும்பி வந்தது.

யுத்தம் முடியும்வரை ஒரு வரி இல்லை. முடிந்து எட்டு மாதத்தில், அந்தத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்த ஒருவர் என்னைத் தேடி வாவி கடந்து வந்தார். யுத்தப் பேச்சு அடிபட்ட நாளில் வயதானவர்களையெல்லாம் கப்பலேற்றினார்களாம். உங்களுக்கும் இடம் இருந்ததாம். நீங்கள் ஏறவில்லையாம். "பொஞ்சாதி வீடு கட்டிறா. இன்னும் வரச்சொல்லி எழுதல்ல. சொல்லாமப் போய் நிண்டா ஏசுவா" என்று சிரித்தீர்களாம். பிறகு ஜப்பான்காரன் தோட்டத்துச் சனத்தை ரயில் பாதை போடச் சயாம் நாட்டுக் காட்டுக்குக் கொண்டுபோனபோது, யாரும் கூப்பிடாமலே அவர்களோடு நீங்களும் போனீர்களாம். மூன்றாம் மாதம் காய்ச்சலோடு முடிந்ததாம். புதைத்த இடத்துக்கு அடையாளம் இல்லையாம்.

"உங்களப் பத்தி எப்பவும் பெருமையாத்தான் பேசுவாரு அம்மா" என்றார் அந்த மனிதர். ஆறுதல் சொல்கிறாராம். அவருக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். எண்ட ஆண்டவரே, எண்ட ஆண்டவரே என்று தலையை அதிலேயே மோதினேன். கதவு கோணவில்லை. நல்ல கதவு.

கோயிலில் உங்களை ஊழியத்தில் உயிர் கொடுத்த பாக்கியவான் என்கிறார்கள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு எழுந்து ஓடலாம் போல இருக்கிறது. ஆண்டவர் உங்களைக் கூப்பிட்டார், உண்மை. போனீர்கள். வருகிறேன் என்று கேட்டபோது பிடித்து நிறுத்தியவள் நான். இதை மகளுக்குச் சொல்லவில்லை, பாதிரியாருக்கும் சொல்லவில்லை. முழங்காலில் நின்றால் மன்னிப்புக் கேட்க வாய் வருகுதில்லை. மரம் காய்ந்த அந்த இரண்டு மாதத்தைத் திருப்பித் தாரும் என்றுதான் வருகிறது.

இன்று காலையும் மகள் வந்து நின்றாள். "வயசு போன காலத்தில தனிய ஏன்மா இந்தச் சீவியம்? பெரிய வீட்ட வந்து இருங்களன்" என்று அழுதாள். பிடிவாதக்காரி என்று ஏசிவிட்டுப் போனாள். அவளுக்கு எப்படிச் சொல்வேன்? நானும் விட்டுப் போனால், ஆளில்லாத வெறும் வீட்டுக்காக உங்களை அங்கே சாகவிட்டவளாகிவிடுவேன். அதனால்தான் இதற்குள் இருக்கிறேன்.