அத்திம்பேரின் ரிமோட் ஏன் வேலை செய்யவில்லை

நேரில் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னால் நான் ஓயாமல் கேலி செய்த என் அன்பு அத்திம்பேருக்கு,

சம்பத் எழுதுகிறேன். அக்கா சௌக்கியம். உங்கள் கேமராவும் சௌக்கியம். ரிமோட் விஷயமாகத்தான் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் போன அன்று, மாலை போடுவதற்கு உங்கள் படம் ஒன்று தேடினோம். பீரோ நிறைய ஆல்பம். அக்கா இருக்கிறாள், உங்கள் பெண் வைதேகி இருக்கிறாள், நான்கூடக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறேன். எல்லாப் படத்தையும் எடுத்தவர் நீங்கள், உங்களை எங்கே தேடுவது? கடைசியில் ஆபீஸ் அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினோம். கூடத்துச் சுவரில் யாரிடமோ கோபித்துக்கொண்ட முகத்தோடு தொங்குகிறீர்கள்.

அன்றைக்கே அக்கா சொல்லிவிட்டாள். "இனிமே இந்தாத்துல எடுக்கற படத்துல ஒருத்தரும் விட்டுப்போகப்படாது."

போன வாரம் வைதேகி மாப்பிள்ளையோடும் குழந்தையோடும் சிங்கப்பூர் திரும்பினாள். சாயங்காலம் திருச்சியிலிருந்து விமானம். அதற்குள் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்றாள் அக்கா. மாப்பிள்ளை செல்போனை எடுத்துக் கையை நீட்டினார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. அதுல உங்க மூக்குதான் பெரிசா விழும். அவர் கேமராவுலயே எடுங்கோ."

ஆக, ஸ்டாண்டு வந்தது, கேமரா வந்தது, அந்த ரிமோட்டும் வந்தது. ஒரு படத்திலாவது நீங்களும் நில்லுங்கள் என்று அக்கா நச்சரித்ததால், போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் மலைக்கோட்டைக் கடைத்தெருவில் வாங்கினீர்களே, அதேதான். அது ஒருநாளும் வேலை செய்யவில்லை. கடைக்காரரிடம் சண்டை போட்டு இரண்டு தடவை மாற்றியும் வேலை செய்யவில்லை. கூடவே வந்து தலைகுனிந்து நின்றவன் நான்தானே.

முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ரிமோட்டை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் சிரித்தபடியே இருந்தோம், குழந்தைக்குத்தான் முதலில் அலுத்தது.

"பேட்டரி போயிருக்கும் மாமா" என்றாள் வைதேகி. புதுசு வாங்கிப் போட்டேன். இல்லை. ரிமோட்டில் எடுப்பதற்கென்று மெனுவில் ஓர் இடம் உண்டாம், மாப்பிள்ளை தேடிப் பிடித்து அதையும் மாற்றினார். அப்போதும் இல்லை. வெயில் அதிகமாக இருந்தால் ரிமோட்டின் கதிர் கேமராவுக்கு உறைக்காது என்று செல்போனில் படித்துச் சொன்னார். நாற்காலிகளோடு கூடத்துக்குக் குடிபெயர்ந்தோம். அங்கேயும் அதே கதைதான்.

பிறகு அவர் ரிமோட்டின் முனையைச் செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்தச் சொன்னார். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம் திரையில் ஊதா நிறத்தில் மின்னியது. ரிமோட் நல்ல ரிமோட். கடைக்காரர் உத்தமர். அப்படியானால் கோளாறு கேமராவில்.

"ரிமோட்டைப் பாக்கற கண்ணு இதுல எங்கே இருக்கும்?" என்று கேட்டாள் வைதேகி.

"முன்பக்கம், கைப்பிடி ஓரத்துல. சின்னதா, கறுப்பா, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

கறுப்பாக ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் காய்ந்த சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன.

அத்திம்பேர், ஆயுத பூஜையில் வைத்துப் பொட்டிடாமல் புது ரிமோட்டைத் தொட மாட்டீர்கள், சரி. மிக்ஸிக்கு வைத்தீர்கள், ஸ்கூட்டருக்கு வைத்தீர்கள், கேமராவுக்கும் வைத்தீர்கள். கேமராவில் அத்தனை இடம் இருக்க, அதன் கண்ணிலேயா அப்ப வேண்டும்? அப்பிவிட்டுச் சண்டை வேறு. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கும் வேலையும் இப்போது என் தலையில்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து அழுதது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வைதேகி ஈரத்துணியோடு வந்தபோது, "இருடி" என்று கேமராவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சந்தனத்தின் ஓரத்தில் உங்கள் விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

"இது அவர் கைடி. தொடைக்காதே."

நானே எடுக்கிறேன், நான் படத்தில் இல்லாவிட்டால் என்ன என்றேன்.

"அவரும் இதையேதான் சொல்லிண்டிருந்தார்" என்றாள்.

அத்திம்பேர், நீங்கள் அப்படிச் சொன்னபோதெல்லாம் சரி என்று நாங்கள் ஏன் விட்டுவிட்டோம்?

மிச்சம் இருந்தது கேமராவின் டைமர்தான். பொத்தானை அழுத்திவிட்டு, படம் விழுவதற்குள் ஓடிவந்து நிற்க வேண்டும். என் முழங்காலின் யோக்கியதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஓடினேன். வேட்டி நாற்காலியில் மாட்டி, நான் மாப்பிள்ளையின் மடியில் போய் விழுந்த நேரம் பார்த்துப் படம் விழுந்தது.

படத்தில் என் முகம் இல்லை, ஒரு காது இருக்கிறது. வைதேகி கத்துகிறாள். அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இன்னொன்று எடுக்கலாம் என்று நான் எழுந்தபோது அக்கா தடுத்துவிட்டாள். கேமராத் திரையில் எங்கள் தலைக்கு மேலே இருந்த சுவரைத் தொட்டுக் காட்டினாள். அங்கிருந்து நீங்கள் என்னை முறைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"எல்லாரும் இருக்கோம்டா, போறும்" என்றாள்.

உங்கள் பொட்டின் மேல் யார் கையும் படாமல் பார்த்துக்கொள்கிறேன். என் முழங்கால் உள்ளவரை, இந்த வீட்டில் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் நானே ஓடுகிறேன்.

விழுந்தாலும் படத்துக்குள் விழும்
உங்கள் மச்சினன்,
சம்பத்