இருநூறு அடிக்குக் கீழே

19-6-1964, வெள்ளி. தென்காசி

சாரல் பிடித்துவிட்டது. விடுப்பில் வந்து பத்து நாள் ஆகிறது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்ததும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். இங்கே எனக்குக் ‘குடை வாத்தியார்’ என்று பெயர். விமானத்திலிருந்து பாரசூட்டில் குதிக்கப் பட்டாளத்துக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவன் நம்ம தெருக்காரன் என்பதில் எல்லாருக்கும் ஒரு பெருமை. ஜவுளிக்கடை முகம்மது மீரான் அண்ணாச்சி, “ஏலே ஜப்பாரு, குதிக்கயில வயித்துக்குள்ள என்னடே செய்யும்?” என்று கேட்டார். வழக்கமாக அரைமணி நேரம் கதை சொல்வேன். இன்று “ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

வீட்டில் ஒரு கார்டு வந்து கிடந்தது. வீரகேரளம்புதூர் சுடலையாண்டி எழுதியிருக்கிறார். தளவாயின் தகப்பனார். “மகன் சம்பந்தமாக ஒரு விவரம் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு உடம்பு சரியில்லை. தம்பி ஒரு நடை வந்து போகவும்.”

தளவாய் இறந்து இன்றோடு எழுபத்தோரு நாள்.

20-6-64

போகவில்லை.

21-6-64

போகவில்லை. மனைவி சைதூன் கேட்கிறாள்: “அது என்ன எழுத்து? எடுக்கிய, பாக்கிய, திரும்ப மடிச்சு வைக்கிய.” கூடக் குதித்தவன் வீட்டிலிருந்து என்றேன். கூடக் குதித்தவன்! என்னிடம் படித்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

24-6-64, புதன்

விசாரணைக் குழுவிடம் சொன்னது ஒன்று. நடந்தது ஒன்று. நடந்ததை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

புதிதாக வருகிறவனுக்கு நாங்கள் கொடுப்பது பெரிய வட்டக் குடை. அது காற்றோடு போகும், மெதுவாக இறக்கிவிடும். அதில் கெட்டிக்காரத்தனம் காட்ட இடமில்லை. போன வருஷம் இன்னொரு வகை வந்தது. பின்பக்கம் இரண்டு பட்டைத் துணியை வெட்டி எடுத்த ‘வெட்டுக்குடை’. காற்று அந்த வழியாகப் பின்னால் பீறிட, குடை முன்னால் ஓடும். இரண்டு பக்கமும் கயிறு உண்டு. இழுத்த பக்கம் திரும்பும். ஆனால் வட்டக் குடையைவிட வேகமாக இறங்கும். ஆள் கனம் கூடினால் இன்னும் வேகம்.

அதனால் விதி எழுதினோம். எழுதியதே நான்தான். வட்டக் குடையில் தனியாக இருபத்தைந்து குதிப்பு முடிக்காதவனுக்கு வெட்டுக்குடை கிடையாது. நூற்றறுபது ராத்தலுக்கு மேற்பட்ட உடம்புக்குக் கிடையாது. இருநூறு அடிக்குக் கீழே வந்த பிறகு திரும்பக் கூடாது. திரும்பும்போது உடம்பு ஊஞ்சல் மாதிரி வெளியே வீசும், குடை சாயும். இரண்டும் மறுபடி நேராவதற்கு உயரம் வேண்டும். உயரம் இல்லையென்றால் தரை முந்திக்கொள்ளும்.

தளவாய் பதினோரு குதிப்புதான் முடித்திருந்தான். நூற்றெழுபத்தெட்டு ராத்தல். ஏப்ரலில் பெரிய அதிகாரிகள் முன்னால் ஐந்து பேர் குதித்துக் காட்ட வேண்டும். ஐந்தாவது ஆளுக்குக் காய்ச்சல். நான் தளவாயைச் சேர்த்தேன். நம்ம பக்கத்துப் பையன் பெயர் வாங்கட்டும் என்று. ஐந்து குடையும் ஒரே மாதிரி இருந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று வெட்டுக்குடையையே கொடுத்தேன்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை.

முந்தின நாள் ஒத்திகை. இறங்கும் குறியாகத் தரையில் போட்ட வெள்ளைச் சிலுவையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அறுபது அடி உயரம் இருக்கும். கயிற்றை இழுத்தேன். ஒரே சுழல். சிலுவையின் நடுவில் இரண்டு காலும். எல்லாரும் கை தட்டினார்கள். தளவாய் ஓடி வந்தான். “வாத்தியாரே, அந்தத் திருப்பத்தை எனக்குச் சொல்லித் தாங்க.” நான் சிரித்தேன். “முதல்ல ஒழுங்கா எறங்கப் படிலே” என்றேன். அவ்வளவுதான். நான் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. நானே எத்தனை தடவை மயிரிழையில் தப்பினேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவனும் சிலுவையைத் தாண்டிப் போனான். ஐம்பது அடி. கயிற்றை இழுத்தான்.

இடுப்பும் தலையும் முதலில் தரையில் பட்டன.

“தாழ்வாகத் திரும்பக் கூடாது என்று வகுப்பில் சொன்னீர்களா?” என்று கேட்டார்கள். சொன்னேன் என்றேன். உண்மை. “குதித்துக் காட்டிய குழுவில் வேறு யாராவது அப்படிச் செய்ததுண்டா?” இல்லை என்றேன். கூடக் குதித்த மந்திரமூர்த்தியும் இல்லை என்றான். நாலு பேரும் இல்லை என்றோம். எடையையும் குதிப்புக் கணக்கையும் அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

27-6-64, சனி

போய்வந்தேன்.

சுடலையாண்டி அண்ணாச்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பட்டாளத்திலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதத்தை நீட்டினார். யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

“சொன்ன சொல்லைக் கேக்காம குதிச்சான்னு போட்டிருக்காம். ஊருல என்ன பேசுதாங்க தெரியுமா தம்பி? சுடலையாண்டி மவன் திமிருல செத்தான்ங்கான். சின்னப்பயலுவ கூடச் சொல்லுதானுவ.”

நான் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டச்சில் அழகாக அடித்திருந்தார்கள்.

தளவாயின் மனைவி ஆவுடைத்தாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆறாம் மாசம் போல. தளவாய் எனக்குச் சொல்லவே இல்லை. அவனுக்கே தெரிந்திருக்காதோ?

“அண்ணாச்சி, அவுக எழுத்துல எல்லாம் வாத்தியார் சொன்னாரு, வாத்தியார் செஞ்சாருன்னுதான் இருக்கும். உங்க சொல்லைத் தட்டுத ஆளா அவுக? நீங்க பக்கத்துலதான இருந்திய. என்னதான் நடந்துச்சு?”

காற்று என்றேன். திடீரென்று காற்று மாறிவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றேன். கிழவர் தலையாட்டினார். அந்தப் பெண் ஆட்டவில்லை.

இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சாப்பிட்டேன். இரண்டாம் தடவை சோறு வைத்தபோது வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

2-7-64

வீரகேரளம்புதூர் ஆட்கள் வருகிற சுரண்டை பஸ் தெருமுனையில் நிற்கும்போதெல்லாம் சுடலையாண்டி அண்ணாச்சி இறங்கி வருகிறாரோ என்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறேன்.

நான் என்ன மனுசன்? எளவு — என்ன மனுசன்லே நீ?

5-7-64

தொழுகையில் நிற்கிறேன். வாய் ஓதுகிறது. கண்ணுக்குள் அந்தக் குடை ஒரு பக்கமாகச் சாய்கிறது.

12-7-64, ஞாயிறு

சைதூன் தொந்தரவு தாங்காமல் குற்றாலம் போனோம். பேரருவியில் கூட்டம். பழைய அருவிப் பக்கம் நடந்தோம். கீழே ஓடையில் ஆழமான ஒரு கசம். இளவட்டங்கள் பாறையிலிருந்து தண்ணீருக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நல்ல பழக்கக்காரன். ஓடிவந்து அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, பாறைக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கிற ஒரு பாய் அகலத் தண்ணீரில் சரியாக விழுந்தான். கைதட்டல். உடனே தடித்த உடம்புக்காரன் ஒருவன் மேலே ஏறினான். அவன் கால் வைக்கிற விதத்திலேயே தெரிந்தது — புதுசு.

“ஏலே, எறங்கு! எறங்குலே!” என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இப்பதான அவன் குதிச்சான் அண்ணாச்சி, அவனுக்கு என்ன ஆச்சு?” என்றான் மேலே நின்றவன்.

குதித்தான். தண்ணீர் தெறித்தது. சிரித்துக்கொண்டே மேலே வந்தான். ஒன்றும் ஆகவில்லை.

நான்தான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். சைதூன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஏறும் வரை விடவில்லை.

21-7-64, செவ்வாய்

மந்திரமூர்த்தியிடமிருந்து கடிதம். பரீதுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். தளவாயோடு ஒரே வகுப்பில் இருந்த மெலிந்த பையன். ஒன்பதே குதிப்பு. எப்படியோ கேட்டு வாங்கிய வெட்டுக்குடையில் எண்பது அடியில் திரும்பினானாம். ‘ஆஸ்பத்திரியில் கேட்டேன். ஏன்டா இப்படிச் செஞ்சே என்று. தளவாய்க்குத் திருப்பம் சரியாக வரவில்லை, எனக்கு வரும் என்று நினைத்தேன் என்கிறான்’ — மந்திரமூர்த்தி எழுதுகிறான்.

திருப்பம் சரியாக வரவில்லை. அப்படித்தானே நினைப்பான்? வாத்தியார் செய்தால் வருகிறதே. தளவாய் சொல் கேளாதவன் என்றுதானே காகிதம் சொல்கிறது. திருப்பமே கொல்லும் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லையே. சொல்ல வேண்டியவன் இங்கே சாரலை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

22-7-64

சைதூனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

“இப்ப சொன்னா அந்தப் புள்ள எந்திச்சு வரவா போவுது?”

“இல்ல.”

“உங்களை என்ன செய்வாங்க?”

“வாத்தியார் வேலை இருக்காது. வெளிய அனுப்பினாலும் அனுப்புவாங்க.”

“அப்ப எதுக்குச் சொல்லணும்? தெருவுல தலை நிமுந்து நடக்கோம். அதையும் கெடுக்கணுமா?” அழுதாள். அவள் சொல்வது தப்பில்லை. கொஞ்சம் கழித்து, “அந்தப் பொண்ணுக்கு எத்தனாவது மாசம்?” என்று கேட்டாள். இப்போது ஏழு இருக்கும் என்றேன். சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

25-7-64, சனி

எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று பக்கம். எத்தனை அடியில் திரும்பினேன், எத்தனை தடவை திரும்பினேன், யார் யார் பார்த்தார்கள், தளவாய் என்ன கேட்டான், நான் என்ன பதில் சொன்னேன், என்ன எடை, எத்தனை குதிப்பு — எல்லாம். மற்ற மூவரின் பொய்யை எழுதவில்லை. என் பொய்யை மட்டும் எழுதினேன்.

தபாலாபீஸிலிருந்து திரும்பும்போது லேசாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

10-8-64

மந்திரமூர்த்தி எழுதியிருக்கிறான். நாலே வரி. ‘நீ நல்லவனாகிவிட்டாய். எங்கள் மூன்று பேரையும் மறுபடி கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று உனக்குத் தெரியும். இனிமேல் எழுதாதே.’

18-8-64

விடுப்பு முடிந்து முகாமுக்கு ரயில். சைதூன் நிலையத்துக்கு வரவில்லை.

3-11-64

விசாரணை மூன்று நாள். “முதலிலேயே ஏன் சொல்லவில்லை?” என்று ஒன்பது தடவை கேட்டார்கள். ஒன்பது தடவையும் பயம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் பரீதைப் பார்க்கப் போனேன். போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டான்.

14-12-64

பயிற்றுநர் சின்னத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சட்டையில் அது இருந்த இடத்தில் துணி நிறம் கெட்டுப்போகாமல் இருக்கிறது. மாதக் கடைசியில் வெளியே. மந்திரமூர்த்திக்கு ஒரு படி இறக்கம். எதிரே வந்தான், என்னைத் தாண்டிப் போனான்.

6-2-1965, சனி. தென்காசி

புதிய தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு வீரகேரளம்புதூர் போனேன். தமிழில் நானே எழுதி வைத்திருந்தேன். ‘எடை, அனுபவம் இரண்டையும் கவனிக்காமல் பயிற்றுநர் அனுமதித்ததும், விதிக்கு மாறான திருப்பத்தைப் பயிற்றுநரே செய்து காட்டியதும் விபத்துக்குக் காரணம். இறந்தவர் மேல் குற்றமில்லை.’

வாங்கிக்கொள்ளச் சுடலையாண்டி அண்ணாச்சி இல்லை. அவர் போய் ஒரு மாசம் ஆகிவிட்டது. வாசலில் பந்தல் போட்ட கால்களைக்கூட இன்னும் பிடுங்கவில்லை.

ஆவுடைத்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசித்தது. பெண் குழந்தை. எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, இரண்டு தடவை வாசித்தது. அது வரை நான் வெயிலில் நின்றேன்.

“எங்க மாமா சாவுற மட்டும் காத்து, காத்துன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாக. மவன் தப்பு பண்ணல, காத்துதான்னு. வர்றவுக போறவுககிட்ட எல்லாம். ஒருத்தனும் நம்பல.”

காகிதத்தைப் பிடித்து இழுத்த குழந்தையின் கையை ஆவுடைத்தாய் விலக்கிவிட்டது.

“இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்த மனுசன் வெளிய எறங்கி நடந்திருப்பாக.”

காகிதத்தை மடித்து உள்ளே கொண்டுபோனது. திரும்ப வரவில்லை. கதவும் சாத்தவில்லை. எவ்வளவு நேரம் நிற்பது? குழந்தை உள்ளே அழ ஆரம்பித்தது. நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

11-2-65

இன்று ஒன்றும் இல்லை. நேற்றும் இல்லை.

30-3-65

முகம்மது மீரான் அண்ணாச்சி கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலை. அவர் எதுவும் கேட்பதில்லை. கேட்காமலிருக்கச் சிரமப்படுகிறார் என்று தெரிகிறது. தெருவில் இப்போது யாரும் என்னை வாத்தியார் என்று கூப்பிடுவதில்லை. சைதூன் பேசுகிறாள். சாப்பிட வாங்க, தண்ணி இருக்கு, விளக்கை அணைக்கட்டுமா. அவ்வளவுதான்.

22-6-65, செவ்வாய்

பரீதிடமிருந்து கடிதம். நான் எதிர்பார்க்கவில்லை.

அவனால் இனிக் குதிக்க முடியாது. ஊருக்கு அனுப்பாமல் வகுப்பு எடுக்க வைத்திருக்கிறார்களாம். கம்பு ஊன்றி நடக்கிறான். ‘புது ஆட்கள் வந்ததும் முதல் நாள், பாரசூட்டைக் கையால் தொடுவதற்கு முன்னால், நீங்கள் எழுதிக்கொடுத்த மூன்று பக்கத்தையும் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. வாசிக்கிற வேலை எனக்கு. முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். கோபம். இப்போது முழுசாக வாசிக்கிறேன். பிறகு ஒவ்வொருவனையும் தராசில் ஏற்றிப் பார்க்கிறோம். வாத்தியார்மார் யாரும் இப்போது தாழ்வாகத் திரும்புவதில்லை. நேற்று முப்பத்தெட்டுப் பேர். ஒருவன் எழுந்து, இதை எழுதினவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டான். சொல்லலாமா என்று புரியாமல் எனக்குத் தெரியாது என்றேன்.’

மத்தியானம் மழை. கடையில் ஆள் இல்லை. அண்ணாச்சியிடம் ஒரு தாள் வாங்கிப் பதில் எழுதினேன். அடுத்த தடவை யாராவது கேட்டால் என் பெயரையும், தென்காசி என்றும் சொல்லச் சொல்லி.