வாணலி முத்திரை

பெல்டன், மிச்சிகன்
1887 நவம்பர் 9, புதன்கிழமை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் லொவினா எழுதுவது. நான் நலம். குளிர் வந்ததும் மூட்டுவலியும் வழக்கம்போல் வந்துவிட்டது. நீங்கள் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பிக்கை கொஞ்சம் குறைவுதான்.

மேற்கே டகோமாவிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. ஆறு பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாத மரங்கள் என்று அதில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பெண் கேட்டு எழுதியபோதுகூட உங்களுக்கு இத்தனை உருக்கம் வரவில்லை. இங்கே நம் ஆற்றோரம் பைன் மரம் தீர்ந்துவிட்டது, வீட்டை விற்றுவிட்டு வசந்தத்துக்குள் கிளம்பி வா என்கிறீர்கள். அதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பள்ளிக்கூட விஷயம்.

போன வியாழக்கிழமை முதல் பனி விழுந்தது. மறுநாள் ஒரு கூடை ஆப்பிளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஊர் முழுக்க வெள்ளை. கட்டடத்தின் பின்சுவரை ஒட்டி, நம் சாப்பாட்டு மேசை அளவு இடத்தில் மட்டும் பனியே இல்லை. பிள்ளைகள் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஆசிரியை மிஸ் வின்ஷிப், "புள்ளைங்களுக்கு அந்த எடம்னா உசுரும்மா, தரை கதகதன்னு இருக்காம்" என்று சிரித்தாள். குடையைத் தரையில் குத்தினேன். கைப்பிடி வரை இறங்கியது. உருவி எடுத்தால் நுனி தொட முடியாத சூடு.

சனிக்கிழமை நம் மேஸ்திரி ஒவிலாவைக் கூப்பிட்டுத் தோண்டச் சொன்னேன். இடுப்பளவு ஆழத்தில் மரத்தூள் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. பள்ளிக்கூட அடுப்புச் சாம்பலைத் தினமும் கங்கோடு அங்கேதான் கொட்டுகிறார்களாம். தண்ணீர் ஊற்றினால் மேலே அணைகிறது, அடியில் நெருப்பு சுவர்ப்பக்கம் நகர்கிறது.

அந்த இடம் சதுப்பாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எட்டு வருஷம் நம் மரம் அறுக்கும் ஆலையின் தூளையும் ஓரப் பலகைகளையும் வண்டி வண்டியாகக் கொட்டி நிரப்பினோம். மேலே ஒரு சாண் மண்ணைப் போட்டு ஊருக்குத் தானமாகக் கொடுத்தோம். பாதி ஊரே அப்படி எழுந்ததுதான். உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. தூள் என் சமையலறைக்குள் பறக்கிறது, அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுங்கள் என்று உங்களை நச்சரித்தவள் நான்தான். அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

மேயர் பிகலோவிடம் போனேன். பள்ளிக்கூடத்தை மூடுங்கள், தோண்டி எடுக்க வேண்டும் என்றேன். அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, உங்களுக்குச் சிலை வைக்கப் போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். போட்டோ எடுக்கக்கூட அசையாமல் நிற்காத மனுஷனுக்கு எதற்குச் சிலை என்று நான் கேட்டேன். கடைசியில், "ஸ்டாக்வெல் ஐயா குடுத்த நெலத்துக்கு நாங்க குத்தம் சொல்லலாமாம்மா? அவரு வந்து சொல்லட்டும். திங்கக்கிழமை வழக்கம்போல மணி அடிக்கும்" என்று அனுப்பிவிட்டார். நூற்று நாற்பது பிள்ளைகள் படிக்கிற இடம்!

திங்கள் காலை உங்கள் அலுவலகத்தைத் திறந்து, வெட்டிய கட்டைகளில் நம் அடையாளத்தைப் பதிக்கும் முத்திரைச் சுத்தியலை எடுத்துக்கொண்டு நடந்தேன். மணி அடிக்கும் முன்பே பள்ளிக்கூட வாசல் கதவைச் சாத்தி, அதன் இரண்டு பலகையிலும் ஓங்கி அடித்தேன். முதல் அடி கோணல். இரண்டாவதில் நம் வாணலி அடையாளம், கைப்பிடியோடு நன்றாகப் பதிந்தது. மேயர் ஓடி வந்து, "கதவு என்னம்மா ஆத்துல மெதந்து வந்த கட்டையா?" என்று சிரித்தார். கூடியிருந்தவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் உங்களிடம் வேலை பார்த்து, ஆற்றில் கட்டைகளை மிதக்கவிட்டு ஓட்டியவர்கள். கதவைத் திறக்கச் சொல்லி மேயர் அதட்டியதும் ஒவிலா தொப்பியைக் கழற்றினான். "முத்திரை விழுந்துருச்சுங்க. அடுத்தவன் முத்திரை போட்ட மரத்துல கை வைக்கக்கூடாதுன்னு ஐயாதான் சொல்லிக் குடுத்தாரு. நான் தொட மாட்டேன்" என்றான். ஊரில் இன்றுவரை ஒருவன்கூடத் தொடவில்லை.

இப்போது பள்ளிக்கூடம் நம் வீட்டில் நடக்கிறது. உங்கள் துருக்கிக் கம்பளத்தில் மை கொட்டிவிட்டார்கள், திட்டாதீர்கள். ஆனால் டிசம்பர் முதல் தேதி நகரசபை கூடுகிறது. வெளியூரிலிருந்து தச்சனை வரவழைத்துக் கதவைத் திறப்பதாக மேயர் சொல்கிறார். அவனுக்கு வாணலியும் தெரியாது, உங்களையும் தெரியாது.

அதற்குள் நீங்கள் வர வேண்டும். சபையில் எழுந்து, நான் கொடுத்தது மரத்தூள், நானே தோண்டி எடுத்து நல்ல மண் போடுகிறேன் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். உங்கள் பேருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நான் நிற்பேன். சமையலறைத் தூளைப் பற்றி நானும் சொல்வேன்.

மேற்கே வருவதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் வரவில்லை. காட்டு முகாமில் அப்பாவுக்கு ஒத்தாசையாக அப்பம் சுட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, முதல் கட்டைக்கு வாணலியை முத்திரையாக வைத்தீர்களே, அந்த முத்திரை போட்ட மரத்தில் இந்த ஊரே நிற்கிறது. அதைப் புகைய விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. நீங்கள் இல்லாமல் இருக்கவும் எனக்கு மனமில்லை.

கதவில் அடித்தது நான் என்றாலும் முத்திரை உங்களுடையது. சொந்தக்காரனைத் தவிர வேறு எவனும் அதை வெட்டி எடுக்கக்கூடாது. உங்கள் பழைய கோடரியைத் தீட்டி நம் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன். கடவுள் துணையிருந்து, வரும் வழியெல்லாம் உங்கள் காலடியில் கெட்டியான தரை கிடைக்கட்டும்.

வழி பார்த்திருக்கும் உங்கள் வாணலிக்காரி,
லொவினா ஸ்டாக்வெல்