எழுபதில் ஒரு சிரிப்பு

மார்ச் 3

மாலை நாலு இருபது. டீக்கடையில் பேசும் பெட்டி மாட்டிக்கொண்டிருந்தேன். போனில் பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் சின்ன ஸ்பீக்கர். கடைக்குக் கடை அதைப் பொருத்தி ஓடவைப்பதுதான் என் வேலை. போன் அடித்தது. மைத்துனன்.

"மாமா... பஸ் கவுந்துடுச்சு. அக்கா போயிட்டா."

அதே நேரம் எவனோ பணம் போட்டிருக்கிறான். பெட்டி சொன்னது: "எழுபது வந்து சேர்ந்தது."

அவள் குரல். ஊரில் உள்ள எல்லாப் பெட்டியிலும் என் மனைவியின் குரல்தான்.

மார்ச் 9

விதியாம். வருகிறவர்கள் எல்லாரும் இதையே சொல்கிறார்கள். விதியாவது மண்ணாங்கட்டியாவது! கடல் தாண்டி இருப்பவன் அனுப்பும் பணம் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. அடிபட்டுக் கிடந்தவளைத் தூக்க ஒரு வண்டி வரவில்லை. பஸ் கவுந்த வளைவில் போன் சிக்னல் முழுசா இருந்துச்சு. ஆம்புலன்ஸ்தான் இல்ல.

மார்ச் 10

அழுகை வரவில்லை.

மார்ச் 21

வேலைக்குப் போனேன். சந்தைக்குள் நுழைந்ததும் மீன் கடை, மருந்துக் கடை, சலவைக் கடை என்று நாலு பக்கமும் அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். எழுபது என்று கேட்கத்தான் எனக்குப் பயம். கம்பெனிக்காக அவள் குரலைப் பதிவு செய்த அன்று மைக்குக்குப் பின்னால் நின்று மூஞ்சியைக் கோணிக் காட்டினேன். சிரிப்பை விழுங்கிக்கொண்டே எழுபது சொன்னாள். திரும்ப எடுக்க நேரமில்லை. அப்படியே விட்டோம்.

மேனேஜரிடம் குரலை மாற்றச் சொன்னேன்.

"தம்பி, அது கம்பெனி சொத்து. உணர்ச்சிவசப்படாதீங்க."

ஏப்ரல் 16

வெளிநாட்டு விருந்தாளிகள், கேமராவோடு. மேனேஜர் டீக்கடைப் பெட்டியைக் காட்டி, "ஏழை நாடு எழுந்து நிக்கிற சத்தம் இது!" என்றார். கைதட்டல்.

அது என் பொண்டாட்டி சத்தம்டா!

 மனசுக்குள் கத்திக்கொண்டே ஒயரைச் சுருட்டினேன்.

அவர்கள் போன பிறகு டீக்கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. இந்தப் பொட்டி வந்த பிறகுதான் பேங்க்காரன் என்னை உக்காரச் சொன்னான்." பொய்யென்றால் நன்றாகத் திட்டியிருப்பேன். பொய்யில்லை. பெட்டி வழியாகப் பதிவான அவர் வரவைப் பார்த்துத்தான் பேங்கில் கடன் கொடுத்தார்கள். இப்போது பக்கத்துக் கடையும் அவருடையது. நல்லது நடந்திருக்கிறது. அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லாருக்கும் நடந்துச்சு, அவளுக்கு மட்டும் ஏன் இல்ல?

மே 5

டீக்கடையில் அத்தை. என் மாமியார், டீயே குடிக்காதவர். முன்னால் ஆறிப்போன கிளாஸ். எதற்கு வந்திருக்கிறார் என்று புரிந்ததும் கத்திவிட்டேன்.

"என்ன அத்தை இது? எந்திரிங்க, எல்லாரும் பாக்கறாங்க!"

"பாத்தா பாக்கட்டும். கேக்கப் பிடிக்கலைன்னா நீங்க காதைப் பொத்திக்குங்க மாப்ள. நான் பெத்தவ. எனக்குக் கேக்கணும்."

"தினமும் வர்றாங்க தம்பி. ஒரு வாய் குடிக்கிறதில்ல. என் டீயை இப்படி எவனும் அவமானப்படுத்துனதில்ல" என்றார் டீக்கடைக்காரர்.

அத்தை சிரித்துவிட்டார். எழுபதில் இருக்கும் அதே சிரிப்பு. நான் வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 11

புதுக் குரல் வந்திருக்கிறது. மெஷின் குரல். கேட்டேன் — அவள்தான். அவளில்லை. அவள் பதிவுகளைக் கொண்டுபோய் வெளிநாட்டில் எங்கேயோ மெஷினுக்குப் பழக்கியிருக்கிறார்கள். இனி அதற்கு வருஷா வருஷம் நாம் பணம் கட்ட வேண்டும். இங்கேயிருந்து மண்ணை அள்ளிப் போய், சட்டியாக்கி, நமக்கே விற்கிறான். நம்மைப் போன்ற நாடுகளுக்கெல்லாம் இப்படித்தானாம்.

மேனேஜருக்கு ஒரே பெருமை. "எழுபதுல ஒரு குறை இருந்துச்சுல்ல? சுத்தமா தொடச்சிட்டாங்க."

குறையா? அதுவா குறை?

"என்ன தம்பி முழிக்கிறீங்க? நீங்கதானே மாத்தச் சொன்னீங்க?"

ஆமா. நான்தான் சொன்னேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு என் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதை நான் அடித்தால் ஊர் முழுக்க எல்லாப் பெட்டியும் மாறிவிடும்.

ஜூன் 12

பத்து தாண்டிவிட்டது; எண் போனில் வந்து கிடக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரில் அத்தை. இரண்டு டீ, இரண்டு பன். அத்தை தன் போனில் பணம் போட்டார்.

"எழுபது வந்து சேர்ந்தது."

சிரிப்பு இருந்தது. டீக்கடைக்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. அத்தை என் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

நாளைக்கு வேற எவனையாவது வச்சு மாத்துவாங்க. என் வேலையும் போகும். போகட்டும். என் கையால அது நடக்காது.

போனை அணைத்துவிட்டேன்.