மெய்டன் ஓவருக்குத் தமிழ்

1868 மார்ச்சு 2, சித்தூர்

என்னைப் பார்ன்வெல் துரையிடம் பிடித்துக்கொடுத்த பாதிரியாரை என்ன சொல்வது! துரை ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பேர்போன கிரிக்கெட் ஆட்டக்காரராம். பக்கவாதம் வந்து பிழைத்தவருக்கு நாற்பது வருஷத்துத் தமிழ் அடியோடு மறந்துபோய், இங்கிலீஷ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவரோடு முப்பது வருஷமாகக் குடித்தனம் நடத்தும் சந்திரம்மாவுக்கோ அதில் ஒரு வார்த்தை தெரியாது. தன் கதையை அவள் கேட்டாகவேண்டும் என்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதி அவளுக்கு வாசிக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது போதாதா?

மார்ச்சு 5

விக்கெட். அகராதியில் 'சிறு வாசற்கதவு' என்றிருக்கிறது. அப்படியே எழுதினேன்.

"வாசக்கதவுக்கு முன்னால கட்டையோட நின்னுக்கினு இருந்தாரா? காவக்காரரா இவரு?" என்கிறாள் சந்திரம்மா.

எனக்கு மட்டும் என்ன தெரியும்!

மார்ச்சு 9

மூன்று மணி நேரம். ஒரே ஆட்டம். இன்னும் முடியவில்லை. தலைவலி.

மார்ச்சு 11

தன் ஆயுசிலேயே பெருமையான நாள் என்று சொல்லிவிட்டுத் துரை கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு 'மெய்டன் ஓவர்' போட்டாராம். மெய்டன் என்றால் கன்னிகை; ஓவர் என்றால் கவிழ்ப்பது. எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுதி வாசித்தேன்: 'அன்று ஒரு கன்னிகையைக் குப்புறத் தள்ளினேன். ஊரே கைதட்டியது.'

சந்திரம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மார்ச்சு 14

மூன்று நாளாகக் கஞ்சியை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பாராமல் போகிறாள்.

"முப்பது வருஷம் இத்த மறைச்சி வெச்சிருந்தாரே! பெருமையா வேற சொல்றாரு. நான் காளாஸ்திக்கு எங்கண்ணன் வூட்டுக்கே போறேன் வாத்தியாரே."

துரை "சந்த்ரா, சந்த்ரா" என்கிறார். அந்தப் பேர் மட்டும் மறக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வருது— யார் மேல?

மார்ச்சு 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே போய், அந்தப் பெண் யார் என்று துரையையே கேட்டேன். முதலில் விழித்தார். பிறகு சிரித்தார், இருமினார், கண்ணில் நீர் வழிய நான்கு விரலைக் காட்டினார். அவர் காலத்தில் ஓவருக்கு நான்கே பந்தாம். எதிராளி ஒரு ஓட்டமும் எடுக்காவிட்டால் அதற்குப் பேர் மெய்டன் ஓவராம்! பெண்ணும் இல்லை, ஒரு எழவும் இல்லை! அன்றே கேட்டிருக்கலாம். கேட்டால் உபாத்தியாயர் தலையிலிருந்து கிரீடம் இறங்கிவிடும் அல்லவா!

சந்திரம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். நம்பவில்லை. "எங்க, ஆடிக் காட்டச் சொல்லுங்க" என்றாள்.

முற்றத்தில் துரைக்கு நாற்காலி. கையில் ஊன்றுகோல். அந்தக் காலத்தில் பந்தைத் தரையோடு உருட்டித்தான் விடுவார்களாம். அவள் எலுமிச்சம்பழத்தை உருட்டினாள். நான்கு தடவையும் கோலால் மறித்தார். ஓடவா முடியும் அவரால்? "மெய்டன்!" என்று கத்தினார்.

"ஒண்ணுமே நடக்கலியே, இதுக்கா ஊரு கைதட்டிச்சி?" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க வாத்தியாரே? தட்டுங்க!"

தட்டினேன்.

மார்ச்சு 20

"இனிமே நீங்க வர வேணாம் வாத்தியாரே, நாங்களே பாத்துக்கறோம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். கையில் எலுமிச்சம்பழம். உள்ளேயிருந்து துரை கோலைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விட்டது தொல்லை. ஆனால் ஒன்பதாம் தேதி மூன்று மணி நேரம் சொன்னாரே, அந்த ஆட்டம்— அதில் யார்தான் ஜெயித்தார்கள் என்று இனி எனக்கு யார் சொல்வார்?